இருவேல்பட்டில் கேட்ட கேள்விகள்

அலைபேசியில் கருத்தாய்வுப் படிவம் தயாரித்து அனுப்பும் பிள்ளைகள் நம்மில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக, நமது பழைய தென்னாற்காடு மாவட்டத்து வரலாறு ஒன்று.

1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். அதில் இருவேல்பட்டும் ஒன்று. முடிவுகள் 1918இல் நூலாயின. 1936-37இல் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்ந்தார்கள். பின்னர் எஸ்.குகனும் ஜோன் மென்ச்சரும். 2008 வரை ஆய்வு தொடர்ந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு! ஊர் மாறிய விதம் இதனால்தான் தெரிந்தது.

கூலி நெல்லாகக் கிடைத்த காலம் அது. "மாத வருமானம் எவ்வளவு?" என்றால் யார் பதில் சொல்வார்கள்? ஊர்ப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, மரக்கால் கணக்கில் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அலைபேசியில் விளக்க ஆளில்லை. கேள்வியே விளக்க வேண்டும். "போன வாரம் எத்தனை நாள் வேலை?" போதும். திரைக்கு ஒரு கேள்வி. கட்டம் கட்டமான அட்டவணை சின்னத் திரையில் படிக்கவே முடியாது, போடாதீர்கள்.

இன்னொன்று. அன்று கல்லூரிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். சேரியின் குரல் அவர்கள் வழியாகத்தான் தாளுக்கு வந்தது. இன்று அம்மாவுக்கு வரும் கேள்விக்கு மகன் பதில் தட்டுகிறான். பதிலளிப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

அனுப்புமுன் கூலி வேலைக்குப் போகும் ஒரு அக்காவிடம், அவர் போனிலேயே கொடுத்துப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ, அந்தக் கேள்வியை மாற்றி எழுதுங்கள்.