ஒத்தி வீடும் மாத வாடகையும்

தமிழ்நாட்டின் தென்மாவட்டச் சிறுநகரங்களில் குடியிருக்க வீடு பிடிப்போர், மாத வாடகையோடு ஒத்தி என்னும் பழைய முறையையும் அறிந்தே வீடு தேடுகின்றனர். குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் முன்னதாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலிசெய்யும்போது அத்தொகையை வட்டியின்றி முழுமையாகத் திரும்பப் பெறுவதே ஒத்தி. நிலத்தை ஒற்றி (ஒத்தி) வைப்பது சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படும் வழக்கமாகும். கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக வயலின் விளைச்சலை அனுபவித்த அந்த ஏற்பாடே பின்னர் வீட்டுக்கும் வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், சொத்தைக் கடன் கொடுத்தவர் வசம் ஒப்படைக்கும் இம்முறையை அடமானத்தின் ஒரு வகையாக ஏற்று, கடன்தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பத்திரம் பதிவுபெற வேண்டும் என்றும் விதித்தது.

ஒத்தித் தொகையை ஊரின் வட்டி நிலவரமே முடிவுசெய்தது. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்பது பேச்சுவழக்கில் 'ஒரு வட்டி', அதாவது ஆண்டுக்கு 12 விழுக்காடு. மாதம் 3,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டுக்கு ஒரு வட்டிக் கணக்கில் 3 லட்சமும், இரண்டு வட்டிக் கணக்கில் ஒன்றரை லட்சமும் ஒத்தியாக அமையும். மகள் திருமணத்துக்கோ மாடி எடுப்பதற்கோ மொத்தப் பணம் தேவைப்பட்டு, வங்கிக் கடன் எளிதில் கிட்டாதிருந்த வீட்டுக்காரரும், சீட்டு எடுத்த பணத்தைக் கரையவிடாமல் காக்க விரும்பிய குடித்தனக்காரரும் இக்கணக்கில் ஒத்துப்போயினர். ஆகவே சிறுநகர வாடகையின் வரலாற்றை அவ்வூரின் கடன் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

அரசு கண்ட வாடகையோ வேறு. இரண்டாம் உலகப் போர்க்கால ஆணைகளில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, 1946, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களைக் கடந்து 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. அச்சட்டம் 'நியாய வாடகை' என்ற அளவை வகுத்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது குடியிருப்புக் கட்டடங்களுக்கு மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடாக இருந்தது. ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு இது மாதம் 750 ரூபாயாக அமைந்தது. முன்பணமும் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றிருந்தபோதிலும், பல மாத வாடகையை 'அட்வான்ஸ்' என வாங்கும் பழக்கம் ஊர்தோறும் வேரூன்றியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால் 11 மாத ஒப்பந்தமும் பரவலாயிற்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் குடியிருப்புக்கான முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் வரையறுத்து, ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யவும் பணித்தது.

வாடகைதாரருக்குக் கிடைத்த இக்காப்பு ஒத்திக்காரரை எட்டவில்லை. இருவரில் பெரும்பணத்தை இழக்கக்கூடியவர் அவரே என்பதால் இது வருந்தத்தக்க குறை. வாங்கிய தொகையை வீட்டுக்காரர் பெரும்பாலும் செலவிட்டுவிடுவதால், அடுத்த ஒத்திக்காரர் கொண்டுவரும் பணத்தில்தான் முன்னவரின் கணக்கு தீர்கிறது. அப்படி ஒருவர் அமையும்வரை முன்னவர் வீட்டை விட்டு நகர இயலாமல் காத்திருக்கிறார். முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் தயங்கி, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திடுவதோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இந்த இடரை மேலும் பெருக்குகிறது. பதிவான ஒத்தி வில்லங்கச் சான்றில் இடம்பெறுவதால், பின்னர் அவ்வீட்டை வாங்குபவர் அதனை அறியாததாகச் சொல்ல முடியாது. பதிவாகாத ஒத்தியோ அச்சான்றில் இடம்பெறுவதே இல்லை.