குழாயும் குடவோலையும்

விருதுநகர்க் குழாய்க் கதையைக் கேட்டிராத தமிழர் குறைவு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். அவருடைய தாயார் சிவகாமி அம்மையார் தெருக்குழாயில் நீர் பிடித்து வந்தார். முதலமைச்சரின் தாயார் வரிசையில் நிற்கலாமா என்று நினைத்த நகராட்சி அலுவலர்கள், யாரும் கேளாமலே வீட்டுக்குத் தனிக்குழாய் இணைப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்த காமராசர் அதைக் கண்டு சினந்து, இணைப்பை உடனே துண்டிக்கச் செய்தார். சொல்பவருக்கேற்பக் கதையில் சிறு மாற்றங்கள் வரும். கதையின் உயிர் மாறுவதில்லை.

அரசியலில் இருப்போர் தம் பதவியைத் தம்மவருக்காகப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் இக்கதைக்கே திரும்புகிறோம். திரும்பிவிட்டு, 'அந்தக் காலம் இனி வருமா' என்று பெருமூச்செறிந்து பேச்சை முடித்துக்கொள்கிறோம். ஆனால் கதையைச் சற்று நின்று பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, அச்சலுகையை யாரும் கேட்கவில்லை. பதவியின் நிழல் விழுந்த இடத்தில் அது தானாகவே முளைத்தது. மற்றொன்று, அதைத் தடுத்தது ஒரு மனிதரின் குணமேயன்றி விதியன்று. அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்குக் கதையில் விடையில்லை.

குணத்தை நம்பாத விதி ஒன்று நம்மிடம் இருந்ததா? இருந்தது. அதைப் பார்க்கும் முன், இச்சிக்கல் ஏன் இத்தனை கடினமானது என்பதைக் கூறிவிடுவது நல்லது.

சிபாரிசு என்ற சொல் பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்தது. அதற்கு நாம் அமைத்துக்கொண்ட தமிழ்ச்சொல் பரிந்துரை. அச்சொல்லுக்குள்ளேயே பரிவு இருக்கிறது. லஞ்சம் வாங்குபவனுக்குத் தான் செய்வது தவறென்று தெரியும். தங்கை மகனுக்கு வேலை வாங்கித் தருபவனுக்கோ தான் அறம் செய்வதாகவே தோன்றும். சுற்றத்தைத் தாங்குவது நம் மரபில் கடமை. வள்ளுவர் 'சுற்றந்தழால்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் அந்த 53ஆம் அதிகாரத்துக்கு முன்னால், ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறையைச் சொல்லும் 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்ற இரண்டு அதிகாரங்களை அவர் வைத்திருக்கிறார். அன்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு அறிவற்றவரைப் பொறுப்பில் அமர்த்துவது பேதைமை என்று அங்கே எச்சரிக்கிறார். சுற்றத்தைத் தாங்கச் சொல்லும்போது அவர் பேசுவது கொடையையும் இன்சொல்லையும் பற்றி. தன் பொருளைக் கொடுத்துத் தாங்குவது வேறு, ஊர்ப்பொருளைக் கொடுத்துத் தாங்குவது வேறு என்ற பிரிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இப்பிரிப்பைச் சட்டமாக எழுத முயன்ற ஊர் உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இவ்வூரின் வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. வெங்கையா போன்ற கல்வெட்டறிஞர்களும் நீலகண்ட சாஸ்திரியாரும் விரிவாக ஆராய்ந்தவை. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு ஊரின் 30 குடும்புகளும், குடத்தில் இட்ட ஓலைகளும், ஓலை எடுக்கும் ஏதுமறியாச் சிறுவனும் நினைவிருக்கும். மேடைகளில் அக்கல்வெட்டு மக்களாட்சியின் முன்னோடி என்று புகழப்படுவதையும் கேட்டிருப்போம். நாம் இங்கே காண விழைவது வேறொரு பகுதியை. யாருடைய பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்ற பகுதி அது.

919ஆம் ஆண்டின் கல்வெட்டு, வாரியப் பொறுப்பு வகித்து இறங்கியவர்களுக்கு நெருங்கிய உறவினர் அல்லாதாரையே தேரவேண்டும் என்கிறது. அவ்வளவுதான். நெருங்கிய உறவு என்றால் எதுவரை என்ற விளக்கம் இல்லை. இரண்டே ஆண்டுகளில் சபை மீண்டும் கூடி விதியைத் திருத்தி எழுதியது. 921ஆம் ஆண்டின் கல்வெட்டில் உறவினர் பட்டியலே வந்துவிடுகிறது. சித்தி, பெரியம்மையின் மக்கள், அத்தை, மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், தன்னுடன் பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்தவன், உடன்பிறந்தாளின் கணவன், அவள் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன். கல்லில் எழுத்து வெட்டுவது எளிய வேலையன்று. இருந்தும் ஒருவரையும் விடாமல் வெட்டியிருக்கிறார்கள். 'நெருங்கிய உறவு' என்று பொதுவாகச் சொன்னால் போதாது, யாரேனும் ஒரு மைத்துனர் 'நான் அத்தனை நெருக்கமில்லை' என்று நுழைந்துவிடுவார் என்று ஊரார் எண்ணியிருக்கவேண்டும். இது நம் ஊகமே. ஆனால் இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரு சொல் ஒரு பட்டியலாக விரிந்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் நமக்குத் தோன்றவில்லை.

இந்தத் திருத்தத்தில் மேலும் நுட்பமான மாற்றம் ஒன்றும் உண்டு. முதற்கல்வெட்டு, பொறுப்பிலிருந்து இறங்கியவரின் உறவினரைப் பொதுவாக விலக்கியது. இரண்டாவது கல்வெட்டின் பட்டியலோ, வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய உறவினரையும் விலக்குகிறது. விலக்குவதற்கான காரணம் உறவிலிருந்து கணக்குக்கு இடம்பெயர்ந்துவிட்டது. பதவியில் இருந்தவரின் மகனாகப் பிறந்தது குற்றமில்லை. பதவியில் இருந்தவர் கணக்குக் காட்டாவிட்டால், அப்பதவியின் பயன் வீட்டுக்குள் போயிருக்கக்கூடும் என்பதால் வீட்டார் அனைவருக்கும் கதவு மூடப்படும். இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது ஏறத்தாழ இதுதான்.

உத்திரமேரூரைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. அது பிராமணர் குடியிருப்பின் சபை. குடவோலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக்கல்வியும் வேண்டும். கல்வி மிகுந்தவருக்கு நில அளவில் மட்டும் சலுகை உண்டு. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கு இடமில்லை. ஊரின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இருந்த சிலர் தமக்குள் வகுத்துக்கொண்ட நேர்மை அது. ஆயினும் அச்சிலர் ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள், பலர் ஒருவருக்கொருவர் உறவினர். அத்தகையோரே 'நாங்கள் நல்லவர்கள், எங்களை நம்புங்கள்' என்று சொல்லிக்கொள்ளாமல், தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் விதியைக் கோயில் சுவரில் வெட்டினார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

அந்தச் சுவரிலிருந்து விடுதலை பெற்ற இந்தியாவுக்கு வருவோம். வயது வந்த மகன் தொழில் செய்தால் அமைச்சராகிய தந்தை அதற்குப் பொறுப்பா என்ற கேள்வி, நம் குடியரசின் தொடக்கக் காலத்திலேயே பஞ்சாபில் எழுந்தது. பிரதாப் சிங் கைரோன் 1956 முதல் அம்மாநிலத்தின் முதலமைச்சர். சாதாரணமானவர் அல்லர், பஞ்சாபின் வேளாண் வளர்ச்சியில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு, லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் 1962இல் அவர் காலத்தில் உருவானதே. நேருவின் நம்பிக்கைக்கு உரியவர். அவருடைய மக்களும் உறவினரும் அரசின் செல்வாக்கால் பொருளீட்டினர் என்ற குற்றச்சாட்டுகள் குவிந்தபோது, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையில் 1963 நவம்பரில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

1964 ஜூனில் வந்த தாஸ் அறிக்கையின் சாரத்தை நம் சொற்களில் இப்படிக் கூறலாம்: வளர்ந்த மகன் தொழில் செய்வதைத் தடுக்கத் தந்தைக்குச் சட்டப்படியோ அறப்படியோ இயலாது, ஆனால் தன் பதவியின் செல்வாக்கை மகன் சுரண்டுவதை அவர் அனுமதிக்கலாகாது. நடப்பது தெரிந்தபின்னும் வாளாவிருந்தால் அவரும் அதற்கு உடன்பட்டவரே. அறிக்கை வந்ததும் கைரோன் பதவி விலகினார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டது தனிச் சோகம்.

விருதுநகர்க் குழாயையும் பஞ்சாபையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சலுகை தர முன்வரும் அலுவலர்கள் எங்கும் உண்டு. தலைவர் உத்தரவிட வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டால் போதும். 'நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை' என்ற விடை அதனால்தான் போதுமான விடையாகாது.

அதே 1964இல் தமிழரான கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழுவும் தன் அறிக்கையைத் தந்தது. மத்திய கண்காணிப்பு ஆணையம் அக்குழுவின் பரிந்துரையால் பிறந்தது. அமைச்சர்களுக்கான நடத்தை நெறி ஒன்றும் அவ்வாண்டே வகுக்கப்பட்டது. அமைச்சர் தம் குடும்பச் சொத்தை அறிவிக்கவேண்டும். அரசுக்குப் பொருள் வழங்கும் தொழிலில் குடும்பத்தினர் ஈடுபடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. ஆனால் அது நெறி, சட்டமன்று. மீறினால் என்ன செய்வது என்பது பிரதமரின், முதலமைச்சரின் மனத்தைப் பொறுத்தது. ஆக, மீண்டும் குணத்திடமே வந்து சேர்ந்தோம்.

இதன் பின்விளைவுகளை நாம் பார்த்தோம். விளம்பரமோ வரையறையோ இன்றி, அமைச்சரின் விருப்புரிமை என்ற பெயரில் 15 பெட்ரோல் நிலையங்கள் வேண்டியவர்களுக்கு ஒதுக்கப்பட்டதை 1996இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அமைச்சர் 50 லட்சம் ரூபாய் செலுத்தவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது; 1999இல் மறுசீராய்வில் அத்தொகை நீக்கப்பட்டது. பொதுநலன் ஏதுமின்றி ஒருவருக்குப் பொருட்பயன் பெற்றுத் தருவதையே குற்றமாகக் கருதிய பிரிவு ஒன்று 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் இருந்தது. நேர்மையான அதிகாரிகளும் முடிவெடுக்க அஞ்சுகிறார்கள் என்ற காரணம் கூறி 2018இல் அது எடுக்கப்பட்டது. அக்காரணத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. எனினும், கையூட்டுக் கைமாறாத, உறவுக்காகவே செய்யப்படும் சலுகையை நேரடியாகச் சுட்டிய சொற்கள் அத்துடன் போய்விட்டன.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். மருத்துவமனையில் படுக்கை கிடைக்காத ஏழை சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்குத்தானே போகிறான்? பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு ஆயிரம் வழிகள். இல்லாதவனுக்கு அந்த ஒரு கடிதம்தானே வழி? சிபாரிசை ஒழித்தால் அடிபடுவது அவனல்லவா? உண்மைதான். ஆனால் மனுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு, வரிசையைத் தாண்ட வைப்பது வேறு. முன்னது பிரதிநிதியின் கடமை. பின்னதில், ஏற்கெனவே வரிசையில் நின்ற, பெயர் தெரியாத இன்னொரு ஏழை பின்னுக்குத் தள்ளப்படுகிறான். அவன் யாருடைய வாசலுக்கும் வருவதில்லை என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆண்டுக்கு 10 மாணவர்களைப் பரிந்துரைக்கும் உரிமை 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. தொகுதியில் நூற்றுக்கணக்கான பெற்றோர் கேட்க, பத்துப் பேருக்கு மட்டும் தரவேண்டிய நிலை உறுப்பினர்களுக்கே தலைவலியாக இருந்தது. எந்தப் பத்துப் பேர், ஏன் என்று ஊரறியச் சொல்லவேண்டிய கட்டாயம் அவ்வேற்பாட்டில் இல்லை. அதாவது, கணக்கு இல்லை.

எனவே நம் விடை இது. பதவியில் இருப்பவர் ஒருவருக்கு உதவலாமா என்ற கேள்வியை, அவ்வுதவியைக் கணக்கில் எழுத முடியுமா என்ற கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். யாருக்கு, எதற்காக, எந்த அளவுகோலின்படி, யாரை விட்டுவிட்டு என்று எழுதி ஊர் பார்க்கும் சுவரில் ஒட்ட முடிந்தால் அது கடமை. ஒட்ட முடியாதென்றால், எத்தனை பரிவோடு செய்தாலும் அது ஊர்ப்பொருளை வீட்டுக்கு எடுத்துச் செல்வதே.

காமராசரின் கதையை நாம் தொடர்ந்து சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லி முடித்ததும், குழாயை வெட்டச் சொன்ன மகனோடு நின்றுவிடாமல், கேளாமலே குழாயைக் கொடுத்த அலுவலரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்போம். அவரை எந்த விதி தடுத்திருக்கவேண்டும்? உத்திரமேரூர்ச் சபையார் தம் முதல் விதி போதாதென்று கண்டதும் இரண்டே ஆண்டுகளில் மீண்டும் கூடி எழுதினார்கள். நம் அமைச்சர்களுக்கான நெறி எழுதப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.