இரவல் அடுப்பில் வெந்த ஞாயிறு

லண்டனில் மலிவாக ஞாயிறு றோஸ்ற் எங்கே நல்லது என்று கேட்பவர்களிடம் நான் எந்தப் பப்பின் பெயரும் சொல்வதில்லை. உள்ளே போனதும் இறைச்சியைப் பார்க்காதீர்கள், கிழங்குத் தட்டத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். மலிவான இடங்கள் எல்லாவற்றிலும் இறைச்சி ஏறக்குறைய ஒன்றுதான். மாட்டின் தொடைப் பக்கத்துத் துண்டு, வான்கோழி நெஞ்சு, உப்பில் ஊறிய பன்றித்தொடை. சமையலறையின் லட்சணத்தைக் காட்டிக்கொடுப்பது கிழங்குதான். அரை அவியலில் இறக்கி, ஓரம் உதிரக் குலுக்கி, கொதிக்கிற கொழுப்பில் போட்டு அவனில் வைத்த கிழங்கு கரண்டி பட்டால் சத்தம் போடும். அதையே அரை மணித்தியாலம் சூட்டு விளக்கின் கீழே விட்டால் தோல் சவ்வாகி இழுபடும். இழுபட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் வடக்கு லண்டனில் பெருந்தெருவோரப் பப் ஒன்றில் கோப்பை கழுவப் போய், மரக்கறி வெட்டி, பிறகு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு இறைச்சிக் கத்தியோடு நின்றவன் நான். அங்கே நடந்தது கார்வரி. காசைக் கட்டி, சூடான தட்டொன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் வரவேண்டும். இறைச்சியை நாங்கள் வெட்டி வைப்போம். அதைத் தாண்டினால் கிழங்கு, கரட், கோவா, பட்டாணி, கிரேவி எல்லாம் அவரவர் விருப்பம். தட்டில் எவ்வளவு குவித்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். என்னைப் பழக்கிய நெல்லியடி அண்ணை முதல் நாளே சொல்லித்தந்தார்: "தம்பி, கத்தி எங்கட கையில, கரண்டி அவங்கட கையில. அதுதான் முதலாளின்ர கணக்கு. மெல்லிசா வெட்டி விரிச்சு வை, தட்டு நிறைஞ்ச மாதிரித் தெரியோணும்."

அண்ணை ஏதோ கார்வரிக்காரர் கண்டுபிடித்த தந்திரம் என்றுதான் நினைத்திருப்பார். அது இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேலே பழசு. யோர்க்‌ஷயர் புடிங் பிறந்ததே அந்தக் கணக்கில்தான். 1737-இல் வந்த சமையல் குறிப்பொன்றில் அதற்குப் பெயர் வடிகொழுப்புப் புடிங். 1747-இல் ஹானா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் அதை யோர்க்‌ஷயரின் பெயரில் எழுதினார். நெருப்பின் முன்னே கம்பியில் சுழல்கிற இறைச்சியிலிருந்து கொழுப்பு சொட்டும். கீழே மாவும் முட்டையும் பாலும் கரைத்து ஊற்றிய தட்டை வைத்துவிட்டால் ஒரு சொட்டும் வீணாகாது. யோர்க்‌ஷயர் வீடுகளில் இந்தப் புடிங்கைக் கிரேவியோடு தனியாக, இறைச்சிக்கு முன்னே பரிமாறினார்கள். மாவில் வயிறு பாதி நிறைந்தபின் இறைச்சி கொஞ்சம் போதும். இன்றைக்குக் கார்வரியில் உறைபெட்டியிலிருந்து வருகிற புடிங்குக்கும் அதே வேலைதான்.

ஆனால் றோஸ்ற்றின் சரித்திரத்தில் இறைச்சியைவிடப் பெரிய செலவு நெருப்பு. கம்பியில் கோத்துச் சுடுவதென்றால் மணிக்கணக்கில் எரிகிற பெரிய அடுப்பு வேண்டும், கம்பியைச் சுற்ற ஆள் வேண்டும். முதலில் பொடியன்கள் சுற்றினார்கள். பிறகு அந்த வேலைக்கென்றே கட்டைக்கால் நாயொன்றை வளர்த்து, சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் ஓடவிட்டார்கள். 1576-இல் ஆங்கில நாய்களைப் பற்றி வந்த புத்தகத்திலேயே அந்த நாய் இருக்கிறது. இயந்திரம் வந்ததும் வேலை போயிற்று, வேலையோடு இனமும் அழிந்தது. பாடம் செய்து வைத்த ஒன்றை வேல்ஸில் அபர்கவெனி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எட்டு மணித்தியாலம் சூட்டு விளக்கின் கீழ் நின்று பழகியவனுக்கு அந்த நாயோடு ஒரு சொந்தம் தோன்றும்.

1748-இல் சுவீடனிலிருந்து வந்த தாவரவியலாளர் பேர் கால்ம், இறைச்சியைச் சுடுவதில் ஆங்கிலேயருக்கு நிகர் இல்லை, ஆனால் அதைத் தாண்டி அவர்களுக்குப் பெரிதாகச் சமைக்கத் தெரியாது என்ற மாதிரி எழுதிவைத்தார். அதே வருடம் ஓவியர் ஹோகார்த் பிரான்சின் கலே கோட்டை வாசலைப் படமாக்கப் போய், உளவாளி என்று பிடிபட்டுத் திரும்பினார். வந்த கோபத்தில் வரைந்த ஓவியத்தில் நடுநாயகமாக ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு. ஆங்கிலேயர் தங்கும் சத்திரத்துக்கு அதைச் சுமந்துபோகிறார்கள். சுற்றி நிற்கிற மெலிந்த பிரெஞ்சுக்காரர் வாய்பிளந்து பார்க்கிறார்கள். இப்போது அது ரேற் காட்சிக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஞாயிறுதோறும் எல்லா வீட்டிலும் மாடு வெந்தது என்று நம்பினால், ஓவியரின் கோபத்தைச் சரித்திரமென்று எடுத்துக்கொள்கிறோம்.

லண்டன் ஏழைக்கு இருந்தது ஓர் அறை, அதில் ஒரு சின்ன அடுப்பு. பானை வைக்கலாம், தண்ணீர் கொதிக்க வைக்கலாம். ஒரு தொடையைச் சுட முடியாது. ஆனால் தெருமுனையில் வெதுப்பகம் இருந்தது. கிழமை முழுக்கப் பாண் சுட்ட செங்கல் போறணை ஞாயிறன்று பாண் இல்லாமல் கிடக்கும். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகிற வழியில் இறைச்சியை ஒரு தட்டில் வைத்து, அடியில் கிழங்கையோ மாவையோ பரப்பி, வெதுப்பகத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பூசை முடிய, சில பென்சுகளைக் கொடுத்து வெந்ததை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு. ஞாயிறு மத்தியானம் லண்டன் சந்துகளில் ஆளுக்கொரு தட்டோடு சனம் நடந்திருக்கிறது. டிக்கன்ஸின் 'கிறிஸ்மஸ் கரோல்' 1843-இல் வந்தது. அதில் கிராச்சிட் என்ற ஏழைக் குடும்பத்தின் வாத்து வேகிறதும் வெதுப்பகத்தில்தான்; பிள்ளைகள் கடைக்கு வெளியே நின்று வாசனை பிடித்து, அது தங்கள் வாத்துத்தான் என்று தீர்மானிக்கிறார்கள்.

அந்தக் கதையிலேயே, ஏழைகள் சாப்பாட்டை வேகவைக்கும் இந்த இடங்களை ஏழாம் நாளில் மூடப் பார்க்கிறாயே என்று கதாநாயகன் ஸ்க்ரூஜ் தனக்குத் தோன்றும் ஆவியிடம் கேட்கிற இடம் ஒன்று வரும். இன்றைக்கு வாசிப்பவருக்கு அது புரியாது. அன்றைக்கு அது பத்திரிகைச் செய்தி. ஞாயிறு வேலையைத் தடைசெய்த 1677 சட்டமே, வேறு வழியில்லாதவர்களுக்காகச் சத்திரங்களும் சமையல் கடைகளும் இறைச்சி சமைக்கலாம் என்று விலக்குக் கொடுத்திருந்தது. 1830-களில் சேர் ஆன்ட்ரூ அக்னியூ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஞாயிறை இன்னும் இறுக்கமாகப் பூட்ட மசோதாமேல் மசோதா கொண்டுவந்தார். வீட்டுப் பணியாட்களின் வேலை மட்டும் அதில் அகப்படவில்லை. பிரபுவின் சமையற்காரி ஞாயிறன்று சமைத்தால் பாவமில்லை, ஏழைக்காக வெதுப்பகக்காரன் போறணையைத் திறந்தால் பாவம். 1836-இல் டிக்கன்ஸ் வேறு பெயரில் ஒரு சிறுநூல் எழுதி இதைக் கிழித்தார். மசோதாக்களும் தோற்றன. எனக்கென்றால் டிக்கன்ஸின் நாவல்கள் பலவற்றைவிட அந்தச் சிறுநூல் பெரிய காரியம்.

இறைச்சியும் நெருப்பும் ஒரே தலைமுறைக்குள் மலிந்தன. 1882-இல் 'டனீடின்' என்ற பாய்க்கப்பல் நியூசிலாந்திலிருந்து ஐயாயிரம் அளவில் உறையவைத்த ஆடுகளோடு லண்டன் வந்து சேர்ந்தது. 1890-களில் பென்னி போட்டால் வாயு வருகிற மீற்றர் தொழிலாளர் வீடுகளுக்குள் நுழைந்தது. அடுப்பை வாயுக் கம்பனியே வாடகைக்குக் கொடுத்தது. 1841-இலேயே றிஃபோர்ம் கிளப்பில் சமையற்காரர் அலெக்ஸிஸ் சோயர் கனவான்களுக்காக வாயுவில் சமைத்திருந்தார். அது சந்துகளுக்கு வந்துசேர ஐம்பது வருடம் பிடித்தது. வந்தபிறகு தட்டோடு தெருவில் நடக்கத் தேவையில்லை.

வயதான ஆங்கிலேயர் பெருமூச்சோடு சொல்கிற 'அந்தக் காலத்து ஞாயிறு' இதற்குப் பிறகு வந்ததுதான். பெண் காலையிலிருந்து அடுப்படியில். ஆண் பப்பில். முதல் உலகப்போரில் வந்த குடி நேரக் கட்டுப்பாடு போருக்குப் பிறகும் 1921 சட்டத்தில் நிலைத்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் பப் பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டுக்குப் பூட்டும், பிறகு இரவுக்குத்தான். அதனால் நாடு முழுக்க றோஸ்ற் இரண்டு மணி கழிய மேசைக்கு வரும்படி பெண்கள் கணக்குப் பார்த்துச் சமைத்தார்கள். பப்பில் அந்த இரண்டு மணித்தியாலமும் பார் மேசையில் உப்புத் தூவிய றோஸ்ற் கிழங்கு இலவசமாக இருக்கும். வேறு எதற்கு, இன்னொரு பைன்ற் வாங்கத்தான். நான் வேலை செய்த பப்பிலும் கிழட்டு வாடிக்கையாளர் இரண்டொருவர் கார்வரிக்குக் காசு கட்டாமல், பார் மேசையில் கிழங்கு எங்கே என்று உரிமையோடு கேட்பார்கள். அண்ணை ஒளித்துக் கொடுப்பார்.

இடையில் பங்கீட்டுக் காலம். 1940 மார்ச்சில் ஆளுக்குக் கிழமைக்கு 1 ஷில்லிங் 10 பென்சுக்கான இறைச்சி என்று தொடங்கி, 1951-இல் 8 பென்சு வரைக்கும் இறங்கியது. 1954 ஜூலை 4 அன்றுதான் முடிந்தது. அத்தனை வருடம் ஏங்கிய சனத்துக்கு அடுத்த வருடமே பேர்னி சகோதரர்கள் பிரிஸ்டலில் கடை திறந்து, மாட்டுத் துண்டும் பொரித்த கிழங்கும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றார்கள். 1967-இல் ஊதிப்பார்க்கும் சோதனை வந்து, காரில் வருபவர் குடியைக் குறைத்ததும் பப்காரருக்குச் சாப்பாடு இல்லாமல் பிழைக்க முடியாது என்றாயிற்று. 1974-இல் விற்பிரெட் பியர்க் கம்பனி என்ஃபீல்டில் முதல் 'பீஃப்ஈற்றர்' கடையைத் திறந்தது. நகர ஓரத்துப் பெருந்தெருக்களில், இரண்டு போர்களுக்கிடையே கட்டிய பெரிய பப் கட்டடங்கள் கார் நிறுத்தும் இடத்தோடு தயாராகக் கிடந்தன. கார்வரி குடியேறியது அங்கேதான். ஞாயிறு முழுக்கப் பப்பைத் திறந்து வைக்க 1995 ஓகஸ்டில்தான் அனுமதி கிடைத்தது. மத்தியானத்தோடு பூட்டுகிற காலம் முடிய, வரிசை ஐந்து மணி வரைக்கும் நீண்டது. அதே மாற்றந்தான் கிழங்கைச் சூட்டு விளக்கின் கீழே காக்கவைத்துக் கெடுத்ததும்.

கத்தியோடு நின்று வெட்டுகிறவனுக்கும் ஒரு பரம்பரை உண்டு. ஸ்ற்ராண்ட் தெருவில் 1828-இல் சுருட்டுப் புகைக்கவும் சதுரங்கம் ஆடவும் தொடங்கிய இடம் பிறகு சிம்சன்ஸ் உணவகமாயிற்று. வெள்ளி மூடி போட்ட வண்டியில் முழு இறைச்சியை மேசைக்கே உருட்டிவந்து, வெள்ளைத் தொப்பிக்காரன் வெட்டிக் கொடுப்பான். சதுரங்கக்காரரை எழுப்பக்கூடாது என்பதற்காகத்தான் வண்டி வந்தது என்பார்கள். அங்கே இறைச்சி ஆளைத் தேடிப் போயிற்று. எங்கள் பப்பில் ஆள் இறைச்சியைத் தேடி வரிசையில் வந்தான். மலிவுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் இதற்குள் அடங்கிவிடும்.

எனக்கு முன்பிருந்தவர்கள் எலும்போடு விலாத் துண்டையும் வெட்டியிருக்கிறார்கள். 1996 மார்ச்சில் பைத்தியமாட்டு நோய் மனிதருக்கும் வரலாம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அடுத்த வருடக் கடைசியில் எலும்போடு மாட்டிறைச்சி விற்கவே தடை. நான் கத்தி பிடித்த காலத்தில் வான்கோழிப் பக்கத்து வரிசைதான் நீளம். மாடு தொடாத என் அம்மா தொலைபேசியில், "உனக்கு அதைத் தொடாம வேலை செய்யேலாதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தா. வான்கோழிதான் வெட்டுகிறேன் என்று சொல்லிச் சமாளிக்க அந்த வரிசை எனக்கு உதவியது.

இப்போது நான் வாடிக்கையாளன். கார்வரிக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கு முன் போவேன். முதல் தட்டம், முதல் கொழுப்பு. பிள்ளைகளோடு ஏழெட்டுப் பேர் போவதென்றால் அதை விட்டால் வேறு மலிவு இல்லை. 1991-இல் ஃபாரிங்டனில் 'ஈகிள்' பப்போடு தொடங்கிய நல்ல சாப்பாட்டுப் பப்களின் வம்சம் தட்டில் அழகாக அடுக்கிக் கொடுக்கும். அங்கே இறைச்சி மேல்தான், ஆனால் மூன்று கிழங்கை எண்ணி வைப்பார்கள். என் விருப்பம் மூன்றாவது வகை. உள்தெருவில் சின்னப் பப். பப்காரி காலையில் இரண்டு துண்டு இறைச்சியை அவனில் தள்ளுவாள், கறுப்புப் பலகையில் எழுதுவாள், முடிந்ததும் அழித்துவிடுவாள். சூட்டு விளக்குக் கிடையாது. தனியாளாக வாழ்கிற கிழவர்கள்தான் பெரும்பாலும் அங்கே இருப்பார்கள். ஓர் ஆளுக்காக இரண்டு மணித்தியாலம் வீட்டு அவனை எரிக்கக் கட்டாது என்று அவர்களே சொல்வார்கள். அவர்களுடைய பூட்டன்மார் வெதுப்பகத்துக்குத் தட்டோடு போனதும் இதே கணக்கில்தான்.

மிச்ச இறைச்சி என்னவாகும் என்று கேட்பார்கள். 1861-இல் மிஸிஸ் பீற்றன் எழுதிய பெரிய வீட்டுப் புத்தகத்தில் அதற்கு வழியிருக்கிறது: ஆறிப்போன மாட்டிறைச்சியை வெங்காயம், வெண்ணெய், ஒரு கரண்டி கறித்தூள், வைன் கிளாஸ் ஒன்றில் பியர் சேர்த்துக் கறியாக்கலாம். எங்கள் சமையலறையில் ஞாயிறு இரவு கடை பூட்டியபின் அண்ணை வான்கோழி மிச்சத்தை யாழ்ப்பாணத் தூளும் கறிவேப்பிலையும் போட்டு வதக்குவார். நாங்கள் பாணோடு சாப்பிடுவோம். ஒரு நாள் வாசனை பிடித்து உள்ளே வந்த மனேஜர் நின்றபடியே ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கிழமை தொட்டு அதைத் திங்கட்கிழமைப் பலகையில் எழுதிப்போட்டார். நன்றாக விற்றது. பீற்றன் சொன்ன பியரை மட்டும் அண்ணை கறிக்குள் ஊற்றவில்லை, கிளாஸிலேயே வைத்துக்கொண்டார்.