ரேடியோவுல என்ன சொன்னாவ?

கருங்கல் சந்தையில் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையில் ஒரு மர்பி ரேடியோ உண்டு. ஆண்டுதோறும் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அப்பா அதை வரி கட்டுவதுபோல முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்.

எங்களுக்கு முதலில் தெளிவாகக் கேட்டது திருவனந்தபுரம். திருவிதாங்கூர் அரசு 1943-ல் தொடங்கிய நிலையம் அது; 1950-ல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ரேடியோ முள் மட்டும் சேரவில்லை. செய்தியும் வானிலையும் பெரும்பாலும் மலையாளத்தில்தான். எங்களுக்கு மலையாளம் தெரியும், அது பெரிய குறையில்லை. ஆனாலும் தமிழுக்காகத் திருச்சியைத் தேடினால் இரைச்சலுக்கு நடுவே கொஞ்சம் கிடைக்கும். இரவானால் இலங்கை கணீரென்று வந்துவிடும், அது பாட்டுக்கு.

1963 டிசம்பர் 1-ல் திருநெல்வேலி நிலையம் வந்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. மிடாலத்திலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் ஒரு அக்கா, மழைக்காலத்தில் கூடையை இறக்குமுன்னே கேட்பார்: "மொதலாளி, ரேடியோவுல கடலப் பத்தி என்ன சொன்னாவ?" அவர் வீட்டு ஆள் வள்ளத்தில் போயிருப்பார். "மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பு வந்தால் அப்பா அதை அப்படியே சொல்வார். அன்று அந்த அக்கா விலை பேசாமல் மீனைக் கொடுத்துவிட்டு ஓடுவார். எங்களுக்கு மலிவாகக் கிடைத்த மீன் என்று அன்று மகிழ்ந்தோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்த மத்திய அலை தரையை ஒட்டியே பரவும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் இன்னும் தூரம் போகும். இரவில் வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பிவரும். இலங்கை கேட்ட ரகசியம் அதுதான். பண்பலை அப்படியல்ல, ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்தான். 1984 அக்டோபர் 30-ல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி பண்பலையில் தொடங்கியது. நம்ம ஊர்ப் பேச்சு, நம்ம ஊர் ஆட்கள், துல்லியமான ஒலி. பெருமைதான். ஆனால் கரையை விட்டு வெகுதூரம் போன படகுக்கு அது போதாது.

2017 நவம்பர் 30, ஒக்கி. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, செல்போனும் செத்துவிட்டது. பரணில் கிடந்த டிரான்சிஸ்டருக்கு பேட்டரி போட்டு 1197-ல் முள்ளை வைத்தேன். திருநெல்வேலி கேட்டது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் திண்ணையில் கூடினார்கள். மகளைக் கடற்கரையில் கட்டிக்கொடுத்த ஒருவர் மட்டும் உட்காரவில்லை. மருமகன் கடலுக்குப் போய்ப் பத்து நாளாகியிருந்தது.

"சார், ரேடியோவுல என்ன சொன்னாவ?"

கரை திரும்பாத படகுகளைத் தேடுகிறார்கள் என்றேன். அடுத்த செய்தி எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தார். மருமகன் ஆறாம் நாள் லட்சத்தீவில் கரையேறிய செய்தி வந்தது.