தானே ஆறும் பல்லடைப்புப் பொருள்கள்

விரிசலைத் தாமே பொருத்திக்கொள்ளவும், கிருமிகள் ஒட்டி வளராவண்ணம் தடுக்கவும் வல்லனவாய் ஆராயப்பட்டுவரும் பற்குழி அடைப்புப் பதார்த்தங்கள் இவை. அடைப்பின் ஓரத்தில் மீண்டும் சொத்தை விழுதலும், அடைப்பே பிளவுறுதலும் அது பயனற்றுப்போவதற்குப் பிரதான காரணங்களாதலின், இவ்விரு குணங்களும் ஒருங்கே நாடப்படுகின்றன.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையார் எப்பாக்சிப் பிசினுக்கென வெளியிட்ட யுக்தியே முதலாவதற்கு மூலம்: கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழ்களில் திரவத்தை அடைத்துப் பிசினெங்கும் கலந்துவிட, விரிசல் பரவுங்கால் குமிழ் உடைந்து, கசிந்த திரவம் பிசினில் கலந்துள்ள வினையூக்கியைத் தொட்டு இறுகிப் பிளவை மூடுகிறது. ஒரு குமிழ் ஒருமுறையே உதவும் என்பது இதன் குறை. கிருமித்தடை அதற்கும் முந்தியது. 1990களில் ஜப்பானியர் எம்.டி.பி.பி. என்னும் சேர்மத்தைப் பிசினோடு இரசாயனமாகப் பிணைத்தமையால், அது கசியும் மருந்துபோல் தீர்ந்துபோகாது, தன்னைத் தொடும் கிருமியையே தாக்குகிறது. இஃது ஒட்டுப்பிசினாகக் கடைக்கு வந்துவிட்டது. தானே ஆறும் அடைப்போ இன்னும் ஆய்வுசாலையிலேயே உள்ளது.

இனி இவற்றை மெய்யான வாய்களில் சோதிப்பதற்கு ஏற்ற இடமொன்றைச் சொல்லலாம். இலங்கையில் 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி, 1954இல் கண்டியை அடுத்த பேராதனைக்குப் பெயர்ந்தது. பாக்கும் சுண்ணாம்பும் ஓயாது அரைபடும், அதன் சுற்றுப்புறத் தோட்டத் தொழிலாளரின் வாய்களைவிடக் கடிய சோதனைச்சாலை இப்பொருள்களுக்கு வேறெங்கு வாய்க்கும்?