அம்மை குத்திய கணக்கும் அரிசிக் கணக்கும்

ஓர் அரசு மக்களை எதற்காக எண்ணியது என்று பார்த்தால் அவ்வரசின் நோக்கம் ஓரளவு விளங்கும். நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரை மலாயா அரசினர் இரு வகையில் எண்ணினர். ஒன்று அம்மை குத்திய கணக்கு. மற்றொன்று குடும்பச் செலவுக் கணக்கு.

1896இல் அமைந்த ஐக்கிய மலாய் நாடுகள் நான்கனுள் நெகிரி செம்பிலானும் ஒன்று. ஆதலின் சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களும் அக்கூட்டரசின் தொழிற்சட்டத்திற்கு உட்பட்டன. தொழிலாளர்க்குக் கப்பலேறு முன்னரே ஆவடி, நாகப்பட்டின முகாம்களில் அம்மை குத்தப்பட்டது. லயத்தில் ஒருவருக்குப் பெரியம்மை கண்டால் அண்டை வீடுகளுக்கும் பரவும், வேலையும் நின்றுவிடும். எனவே இதில் துரைமார் நலனும் தொழிலாளர் நலனும் ஒன்றாயிருந்தன. தோட்டந்தோறும் மாரியம்மனை வழிபட்ட மக்களின் கையிலும் ஊசித் தழும்பு ஏறியது.

ஆயின் தோட்டத்தில் பிறக்கும் குழந்தைக்குப் புதிதாகக் குத்தவேண்டும். பெரியவர்க்கும் காலம் சென்றபின் மீண்டும் குத்தவேண்டும். கூலியை மட்டும் எண்ணினால் போதாது, குடும்பத்தையும் எண்ணவேண்டும் என்ற நிலை இவ்வாறு எழுந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்ததும் இக்காலத்தில்தான்.

குடும்பச் செலவுக் கணக்கின் வரலாறோ வேறு. அரிசி முதலிய பண்டங்களின் விலையை ஆராய்ந்து, வாழ்க்கைச் செலவுக்கேற்ப நிலையான சம்பளம் வகுப்பதே அதன் நோக்கம். 1920களின் இறுதியில், போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று முடிவாயிற்று. 1930இல் அது 40, 32 காசாகக் குறைந்தது. 1932 அளவில் ஏறத்தாழ 28, 24 காசாயிற்று. கணவனும் மனைவியும் பால் வெட்டினால் வந்த 90 காசு 52 காசாகச் சுருங்கியது. மந்த காலத்தில் அரிசி விலையும் இறங்கியது உண்மையே. ஆயினும் கூலியை இறக்கியது அரிசி விலையன்று, ரப்பர் விலையே.

1936ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசின் சார்பில் வந்து ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய 50, 40 காசை மீண்டும் தரவேண்டும் என்றார். 1937இல் அது கிடைத்தது. 1938 மே மாதத்தில் மறுபடியும் 45, 36 காசாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 15 முதல் உதவி பெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு தடுத்தது.

அம்மைக் கணக்கைப் பொறுத்தவரை, எண்ணியபின் செய்யவேண்டியது செய்யப்பட்டது. 1980இல் பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குடும்பச் செலவோ எண்ணப்பட்டும், சந்தை விலை தாழ்ந்தபோதெல்லாம் புறக்கணிக்கப்பட்டது. எவராலும் குறைக்கவொண்ணாத அடிப்படைச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலம் நீடித்தது. மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பள ஆணை நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில்தான்.