விருந்துக்குத் திறந்த புழக்கடை

ஆஸ்திரேலியாவில் வீடு விற்கும் விளம்பரம் எதை எடுத்தாலும், படுக்கையறைக் கணக்குக்கு அடுத்தபடியாகப் பின்பக்கத்து விருந்துத் தளம் வந்துவிடும். நூறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு காங்கிரீட் தளம், மேலே கூரை, ஓரத்தில் கேஸ் பார்பிக்யூ அடுப்பு, நாலைந்து நாற்காலி. வெயிலும் வெளிக்காற்றும் பிடித்த மக்கள், அதனால் இப்படி என்று இதற்குக் காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தக் காரணம் நிற்காது. 1880-லும் அங்கே இதே வெயில்தான் அடித்தது. ஆனால் அன்று விருந்தாளி வந்தால் முன்கூடத்தில் உட்காரவைப்பார்கள், மிஞ்சினால் தெருவைப் பார்த்த வராந்தாவில். புழக்கடையை அவர் கண்ணில் படாமல் மறைப்பதுதான் மரியாதை. அந்தப் புழக்கடை விருந்துக்கு ஏற்ற இடமாக மாறியதற்குக் கையில் காசு சேர்ந்தது மட்டும் காரணமல்ல. அங்கே நடந்த வேலைகள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்தன. அவற்றில் முதலில் போக வேண்டியிருந்தது கக்கூஸ்.

பழைய புழக்கடையில் என்னவெல்லாம் இருந்தன என்று பார்த்தால் இது விளங்கும். துணி வேகவைக்கும் செப்புக் கொப்பரையோடு ஒரு சலவைக் கொட்டகை, விறகுக் குவியல், கோழிக்கூண்டு, காய்கறிப் பாத்தி, குப்பை எரிக்கும் தொட்டி. எல்லாவற்றுக்கும் கடைசியில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில், வேலியை ஒட்டி ஒரு சிறிய மரக் கொட்டகை. உள்ளே பலகை, பலகைக்குக் கீழே வாளி. பின்சந்து வழியாக இரவில் ஆள் வந்து, சுவரில் இருந்த சிறு கதவைத் திறந்து வாளியை மாற்றிக்கொண்டு போவார். மெல்பர்னின் கார்ல்டன், சிட்னியின் பாடிங்டன் போன்ற பழைய பகுதிகளில் அந்தச் சந்துகள் இன்றும் உண்டு. நம் ஊர் எடுப்புக் கக்கூஸை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அங்கே அது பிறப்பால் சுமத்தப்பட்ட வேலையாக இல்லாமல் ஒப்பந்தக் கூலி வேலையாக இருந்தது என்பது மட்டும் பெரிய வித்தியாசம். 1900-இல் சிட்னியில் பிளேக் பரவி 303 பேரைப் பிடித்து, 103 பேரைக் கொன்றபோது, துறைமுகத்தை ஒட்டிய தெருக்களைச் சுத்தம் செய்ய வந்த அரசாங்கம் புழக்கடைகளைப் படம் எடுத்து வைத்தது. நோய் எங்கே குடியிருக்கிறது என்று அன்றைய அதிகாரிகள் நினைத்தார்கள் என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. அப்படிப்பட்ட இடத்தில் மேசை போட்டு இறைச்சி சுடுவது யாருக்கும் தோன்றியிருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அடிலெய்டில் 1881-லேயே பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. மெல்பர்னில் 1891-இல் வாரியம் அமைத்து 1897-இல் முதல் இணைப்பும் கொடுத்துவிட்டார்கள். விருந்துத் தளமோ 1960-களுக்குப் பிறகுதான் பரவலாகிறது. இரண்டுக்கும் நடுவே அறுபது, எழுபது ஆண்டு இருக்கும்போது ஒன்றை மற்றொன்றின் காரணம் என்று எப்படிச் சொல்வது? இதற்குப் பதில் இரண்டு. குழாய் வந்த வீடுகளிலும் கக்கூஸ் உடனே உள்ளே வந்துவிடவில்லை. வாளி போய்த் தண்ணீர்த் தொட்டி வந்தது, ஆனால் கொட்டகை வெளியேதான் நின்றது; வீட்டுக் கூரைக்குள் அது நுழைய ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது. இரண்டாவது, நகரம் குழாயைவிட வேகமாகப் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு மனைகள் விற்ற வேகத்துக்குச் சாக்கடை வாரியங்களால் ஓட முடியவில்லை. பிரிஸ்பேனின் பெரும்பகுதிக்கு அது கிடைத்தது 1961-இல் மேயரான கிளெம் ஜோன்ஸ் காலத்தில்தான். 1972 நவம்பரில் சிட்னியின் பிளாக்டவுனில் தேர்தல் பிரசாரத்தைத் தொடங்கிய தொழிற்கட்சித் தலைவர் காஃப் விட்லம், புறநகர்களுக்குச் சாக்கடை தருவதைத் தேசிய வாக்குறுதியாகவே வைத்தார். வென்று பிரதமரானதும் அதற்கு மத்திய அரசின் பணத்தை ஒதுக்கினார். வெளிக் கக்கூஸில் சிலந்தி கடித்தவனைப் பற்றிய ஸ்லிம் நியூட்டனின் வேடிக்கைப் பாட்டு நாடெங்கும் ஒலித்ததும் அதே 1972-இல்தான். கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஆக, நடுவில் இருப்பதாகத் தோன்றும் அறுபது ஆண்டு இடைவெளி பல புறநகர்களில் இல்லவே இல்லை.

கக்கூஸ் போன வழியிலேயே மற்றவையும் போயின. சலவை இயந்திரம் கொப்பரையை ஒழித்தது, கேஸும் மின்சாரமும் விறகுக் குவியலை ஒழித்தன, சூப்பர்மார்க்கெட் கோழிக்கூண்டையும் பாத்தியையும் தேவையற்றதாக்கியது. 1947-இல் நூற்றுக்கு 53 வீடுகளில் குடியிருந்தவர்களே சொந்தக்காரர்கள். 1961-இல் அது 70. காலியான இடமும், அதில் காசு போடத் துணியும் சொந்தக்காரரும் ஒரே சமயத்தில் கிடைத்தார்கள். வசதி பெருகியதைக் காரணமாகச் சொல்பவர்கள் இந்தப் பின்பாதியை மட்டும் பார்க்கிறார்கள்.

வீட்டின் தரையும் மாறியது. பழைய வீடுகளின் மரத்தளம் கட்டைகள் மேலோ செங்கல் தூண்கள் மேலோ நின்றதால், பின்கதவைத் திறந்தால் மூன்று நான்கு படி இறங்க வேண்டும். சமையல்காரி வாளியோடு இறங்குவதற்கு அது போதும். தட்டோடு விருந்தாளி வந்துபோக ஆகாது. 1960-களிலும் 70-களிலும் வீடுகளை நேராகத் தரைமேல் காங்கிரீட் தளம் போட்டுக் கட்டத் தொடங்கியபோது வீட்டின் தரையும் புழக்கடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன. நடுவே நகரும் கண்ணாடிக் கதவு வந்தது. கூடம் முன்பக்கத்தைவிட்டுப் பின்பக்கம் திரும்பியது. வெளியே இன்னொரு தளம் போடுவது இதற்குப் பிறகு மிகச் சின்ன வேலை.

இத்தாலியர்களும் கிரேக்கர்களும் வந்துதான் ஆஸ்திரேலியப் புழக்கடைக்குக் காங்கிரீட் வந்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறது, கேலியும் கலந்திருக்கிறது. போருக்குப் பின் குடியேறியவர்களில் பலர் கட்டட வேலைக்காரர்கள். தளம் போடுவது அவர்களுக்குக் கைவந்த தொழில். ஆனால் அவர்கள் போட்ட தளம் விருந்துக்கு அல்ல. தக்காளியைக் குவித்துச் சாறெடுக்கவும், ஒயினுக்குத் திராட்சை பிழியவும், கழுவிவிட்டால் உடனே காயும் தரை வேண்டியிருந்தது. அது பழைய வேலைப் புழக்கடையின் கெட்டியான வடிவம். அயலார் அன்று சிரித்த அதே காங்கிரீட்டை, வேலையை நீக்கிவிட்டு விருந்துக்கு எடுத்துக்கொண்டது அடுத்த தலைமுறை. அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து பார்பிக்யூ வந்தது என்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன்: மாதிரி அங்கிருந்து வந்திருக்கலாம், இடம் இங்கேதான் காலியாக வேண்டியிருந்தது.

தளம் போடும் முறையைப் பார்த்தாலும் தண்ணீரை வீட்டைவிட்டு வெளியேற்றும் பழைய போராட்டம் தொடர்வது தெரியும். மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லி மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்குவார்கள். சுற்றிப் பலகை அடைத்து, பிளாஸ்டிக் தாள் விரித்து, கம்பி வலையைக் கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, லாரியில் கலந்து வரும் காங்கிரீட்டை ஊற்றுவார்கள். முக்கியம் வாட்டம்: நூற்றுக்கு ஒன்று, அதாவது மூன்று மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர், வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக. தளத்தின் மேல்மட்டம் வீட்டுச் சுவரில் ஈரம் தடுக்கும் வரிசைக்குக் கீழேதான் நிற்க வேண்டும். இரண்டில் எது தவறினாலும் சுவர் ஊறும். அடிலெய்டிலும் மெல்பர்னின் மேற்கிலும் இருக்கும் களிமண் மழையில் வீங்கி, கோடையில் சுருங்கும். அதனால் தளம் தானாகப் பிளப்பதற்கு முன்பே மூன்று மீட்டருக்கு ஒரு கீறல் போட்டு, எங்கே பிளக்க வேண்டும் என்று காட்டிவிடுகிறார்கள். இந்தக் களிமண்ணால் வீடுகள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் வீட்டுத் தளங்களுக்கென்று தனித் தரவிதியே 1980-களில் வகுத்தார்கள்.

வரலாற்றாசிரியர் ஹியூ ஸ்ட்ரெட்டன் 1970-இல் ஆஸ்திரேலிய நகரங்களைப் பற்றி எழுதிய நூலில் புறநகரின் தனி வீட்டுக்கும் புழக்கடைக்கும் ஆதரவாக வாதாடினார். மனிதர்கள் தங்கள் விருப்பப்படி எதையாவது செய்யவும் விளைவிக்கவும் அது இடம் தருகிறது என்பது அவர் கட்சி. அவர் எழுதிக்கொண்டிருந்தபோதே அந்த வேலைகள் போய்க்கொண்டிருந்தன. வேலை இல்லாத இடத்தை வீடு விழுங்கத் தொடங்கியது அடுத்த கட்டம். 1990-களிலிருந்து எழும் புதிய குடியிருப்புகளில் புழக்கடையே மறைந்துவருவதை நகரத் திட்டமிடல் ஆய்வாளர் டோனி ஹால் 2010-இல் ஒரு நூலாகவே எழுதிக் காட்டினார். அன்றைய கால் ஏக்கர் மனை சுமார் ஆயிரம் சதுர மீட்டர். இன்று பல புறநகர்களில் அதில் பாதிகூட இல்லை. விருந்துத் தளம் இப்போது வீட்டின் கூரைக்குள்ளேயே வந்துவிட்டது, வீட்டுக்கான காங்கிரீட் ஊற்றும் அன்றே அதற்கும் சேர்த்து ஊற்றிவிடுகிறார்கள்.